எண்பதைத் தாண்டினால் உதறும் வண்டி

பி.முட்லூர் முனையில் இருக்கும் கொளஞ்சியப்பனின் ஷெட்டுக்கு வண்டி கொண்டுபோகிறவர்கள் ஒன்றை மட்டும் மறந்தும் செய்யக் கூடாது. வண்டிக்கு என்ன கோளாறு என்று அவர்களாகவே சொல்லிவிடக் கூடாது. “கிளட்ச் போயிடுச்சுங்க” என்று ஒருவர் இறங்கினால் போதும். “எல்லாத்தையும் நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்க, ஸ்பேனரையும் நீங்களே புடிங்க” என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொள்வார். அப்புறம் அந்த மனிதர் அரை மணி நேரம் கெஞ்ச வேண்டும். மூக்குக்கு மேல் கோபம் வந்தாலும் வேலை சுத்தம். அதனால்தான் சிதம்பரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஆட்கள் தேடி வந்து திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

சொந்த ஊர் மங்கலம்பேட்டை. பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு விருத்தாசலத்தில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தவர். அங்கிருந்து நெய்வேலிப் பக்கம் போய், சுரங்கத்துக்கு ஓடும் ஜீப்புகளின் அடியிலேயே பதினோரு வருஷம் கிடந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகள் மேல் அவருக்குத் தனிப் பிரியம் வந்தது அங்கேதான். மனைவி மலர்க்கொடிக்குக் கிள்ளையில் அங்கன்வாடி வேலை கிடைத்ததும் இந்தப் பக்கம் வந்து ஷெட் போட்டார். பத்தொன்பது வருஷம் ஆகிறது. கூட ஆள் வைத்துக்கொண்டதே இல்லை. அடுத்தவன் முறுக்கிய போல்ட்டின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

அவர் நம்பிய ஒரே வெளியாள் தவ்ஹீத். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டயர் கடை வைத்திருப்பவர். பரங்கிப்பேட்டைக்காரர். ஏழு வருஷம் மஸ்கட்டில் டயர் மாற்றிவிட்டு ஊர் திரும்பியவர், சக்கரத்தைச் சுழலவிட்டு எந்தப் பக்கம் எடை குறைகிறது என்று காட்டும் பாலன்சிங் மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். இருவரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். காலை பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் டீக்கடையில் ஒரே பெஞ்சு. கொளஞ்சியப்பன் ஊரையே திட்டுவார், தவ்ஹீத் சிரித்துக்கொண்டே கேட்பார்.

அந்தப் பெஞ்சுக்குத் தவ்ஹீத் வந்து மூன்று வாரமாகிவிட்டது. காரணம் பிரிசில்லாவின் ஜீப்.

பிரிசில்லா கிள்ளைக்காரி. அலையாத்திக் காட்டையும் முகத்துவாரத்தையும் அளவெடுக்க வருகிற ஆராய்ச்சிக்காரர்களை ஏற்றிப்போக ஒரு ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறாள். ஓட்டுவதும் அவளேதான். சேற்றிலும் மணலிலும் இருபதில் ஊர்ந்துகொண்டிருந்த அந்த வண்டி, கடலூருக்கு நாலுவழிச் சாலை வந்த பிறகுதான் எண்பது தொண்ணூறு எல்லாம் பார்த்தது. அக்டோபரில் அதற்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டியிருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு வேலை நடந்தது. கொளஞ்சியப்பன் வண்டியின் அடிப்பக்கம் முழுக்கத் துருவைச் சுரண்டி, பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்தார். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் அதைச் செய்யாமல் எஃப்.சி.க்கு வண்டி போகாது. தவ்ஹீத் நாலு டயரும் புதிதாக மாட்டினார். எஃப்.சி. நல்லபடியாக முடிந்தது. டிசம்பரில் மழை விட்டபின் முதல் கடலூர் சவாரியில், எண்பதைத் தாண்டியதும் வண்டி உதறத் தொடங்கியது.

அவள் வந்து சொன்னபோது கொளஞ்சியப்பன் டீக்கடைப் பெஞ்சில் இருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை.

“புது டயரு போட்டப்புறம் உதறுதுன்னா டயருதான? மச்சான், பாரு.”

தவ்ஹீத் நாலு சக்கரத்தையும் கழற்றி மிஷினில் சுழற்றிப் பார்த்து மாட்டிக் கொடுத்தார். உதறல் போகவில்லை. இரண்டாம் தடவை பார்த்தார். மூன்றாம் தடவையும் பார்த்தார். அப்புறமும் அவள் வந்து நின்றபோது கொளஞ்சியப்பனுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. டீக்கடையில் பத்துப் பேர் இருக்கிறார்களே என்ற நினைப்பே இல்லை.

“மச்சான், ஒன் மிஷினு பொய் சொல்லுது. தூக்கிப் பழைய இரும்புக்குப் போடு.”

தவ்ஹீத் இந்த முறை சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து போனார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு டயர் கடைக்கு வரும் வண்டிகள் பாலன்சிங் பார்க்காமலே திரும்பிப் போவதைக் கொளஞ்சியப்பன் தன் ஷெட்டிலிருந்தே பார்த்தார். தன் வாயால்தான் இந்த நிலைமை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உள்ளதைத்தானே சொன்னோம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

“போயி ஒரு வார்த்த பேசிட்டு வந்தா ஒங்க கிரீடம் எறங்கிடுமா?” என்று மலர்க்கொடி கேட்டாள்.

“தப்பு அவன்து. அவன்தான் வரணும்.”

இப்படியிருக்கையில் ஒரு திங்கட்கிழமை காலையில் பிரிசில்லா மறுபடி வந்தாள்.

“அண்ணே, எந்தம்பி வண்டி டயரு நாலையும் கழட்டி இதுல மாட்டி ஓட்டிப் பாத்தேன். அவன் வண்டி வழுக்கிக்கிட்டுப் போவும். அந்த டயரப் போட்டும் இது உதறுது. அதே எண்பதுல.”

கொளஞ்சியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் துடைக்க ஒன்றும் இல்லை.

“இன்னொன்னு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இத்தினி நாளுல நீங்க ஒரு வாட்டிகூட இதுல ஏறிப் பாக்கலண்ணே.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் நாறடித்திருப்பார். ஆனால் சொன்னது நிஜம். அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

புதுச்சத்திரம் தாண்டி ரோடு காலியாக இருந்தது. எழுபது வரை ஒன்றுமில்லை. எண்பதில் மெல்ல ஆரம்பித்து எண்பத்தைந்தில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கொளஞ்சியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தார். டயர் சரியில்லை என்றால் ஸ்டியரிங் ஆடும், வண்டி தொம் தொம்மென்று குதிக்கும். இதில் ஸ்டியரிங் சும்மா கிடந்தது. உள்ளங்காலுக்கும் சீட்டுக்கும் அடியில் மாவு மிஷின் ஓடுகிற மாதிரி பொடிப்பொடியாய் ஓர் அதிர்வு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நாலு சுற்றுச் சுற்றுகிற ஏதோ ஒன்று கத்துகிறது என்று கால் சொல்லிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம்தான் ஆனது. இந்த ஐந்து நிமிஷத்தை டிசம்பரிலேயே செலவழித்திருக்கலாம்.

“நியூட்ரல்ல போடு” என்றார்.

எஞ்சின் சத்தம் இறங்கியது. வண்டி அதே வேகத்தில் ஓடியது. அதிர்வும் அப்படியே இருந்தது. ஆக, எஞ்சினும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. மிச்சம் இருப்பது கியர்பெட்டியிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் போகிற இரண்டு ஷாஃப்ட்.

ஷெட்டுக்குத் திரும்பி, ஷாஃப்ட்டுகளின் முனையில் இருக்கும் ஜாயின்ட்டுகளை உலுக்கிப் பார்த்தார். ஆட்டமில்லை. சரி, ஃபோர் வீல் வண்டியில் இருக்கும் ஒரு சௌகரியத்தைப் பயன்படுத்தலாம் என்று முடிவுசெய்தார். ஒரு ஷாஃப்ட்டைக் கழற்றினாலும் மற்றது வண்டியை இழுக்கும். முதலில் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி, பின்சக்கரத்தை மட்டும் வைத்து ஆலப்பாக்கம் வரை ஓட்டச் சொன்னார். உதறியது. திரும்பி வந்து முன்னதை மாட்டி, பின் ஷாஃப்ட்டைக் கழற்றினார். ஃபோர் வீலில் போட்டு, முன்சக்கரம் மட்டும் இழுக்க மறுபடி ஓட்டினார்கள். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. வண்டி தண்ணீரில் விட்ட படகு மாதிரி போயிற்று.

“அண்ணே!” என்று பிரிசில்லா கத்தினாள். நாலு வாரத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தது அப்போதுதான்.

“பின்னாடி ஷாஃப்ட்டுதான். நீ போயி டீ குடிச்சிட்டு வா” என்றார்.

பின் ஷாஃப்ட் என்பது ஆள் கை நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய், அவ்வளவுதான். கழற்றிப் போட்டிருந்த அதைப் பெஞ்சில் வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். எல்லாம் வழவழப்பு. பின்முனையில் ஒரு சாண் உள்ளே விரலில் ஏதோ நெருடியது. உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்தார். கடுகு அளவில் இரண்டு வெல்டிங் புள்ளிகள், பக்கத்துப் பக்கத்தில்.

கொளஞ்சியப்பன் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

கம்பெனியில் ஷாஃப்ட்டைச் சுழலவிட்டு, எடை குறைகிற இடத்தில் அரைவிரல் நீளத்தில் ஓர் இரும்புச் சில்லை வெல்டிங்கில் ஒட்டவைத்து அனுப்புவார்கள். அந்தச் சில்லு இல்லை. அது எங்கே போயிற்று என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அக்டோபரில் மல்லாந்து படுத்து, உளியையும் சுத்தியலையும் வைத்துத் துருவைப் பெயர்த்தபோது, தடித்த ஒரு பொருக்கு மட்டும் லேசில் வரவில்லை. “இந்தத் துரு ரொம்பப் புடிவாதமா இருக்கே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாலு போடு போட்டது ஞாபகம் வந்தது. டக்கென்று விழுந்தது. அதற்கு மேல்தான் அந்தப் பளபளப் பெயின்ட்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஷெட்டில் யாரும் இல்லை. ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடலூரில் பாலன்ஸ் பார்க்கக் கொடுத்துவிடலாம். பிரிசில்லா நம்புவாள். இந்த ரோட்டில் கொளஞ்சியப்பன் சொல்வதை யார் நம்பவில்லை? பத்தொன்பது வருஷப் பேர். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. தவ்ஹீத் அதை ஓட்டி வந்தவரிடம் போய் ஏதோ சொல்ல, அது கிளம்பிப் போயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டு ஹோஸ் கிளிப்பை எடுத்தார். ரேடியேட்டர் குழாயை இறுக்குகிற அதே கிளிப். புள்ளிகள் இருந்த இடத்தில் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கட்டினார். கிளிப்பின் திருகு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் எடை. போன எடைக்குத் தற்காலிகமாக ஒரு மாற்று. ஷாஃப்ட்டை மாட்டிவிட்டு, பிரிசில்லா வந்ததும் ஓட்டச் சொன்னார். முதல் ஓட்டத்தில் பாதி குறைந்தது. கிளிப்பை ஒரு விரல்கடை திருப்பி இறுக்கியதும் தொண்ணூறிலும் வண்டி சாதுவாகப் போனது.

“இதோடயே கடலூருக்குப் போ. பட்டறையில ஷாஃப்ட்ட பாலன்ஸ் பண்ணிச் சில்லு வெல்டிங் வச்சிக் குடுப்பாங்க” என்றார்.

“எதனால இப்பிடி ஆச்சிண்ணே?”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நான்தாம்மா பேத்தெடுத்தேன். துருன்னு நெனச்சி. டயருல ஒண்ணுமில்ல. அன்னிக்கும் இல்ல.”

அவள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். வண்டியை எடுத்தாள்.

கொளஞ்சியப்பன் ஷெட்டை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைக் கடந்தார். தவ்ஹீத் ஒரு சைக்கிள் ட்யூபை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் பாலன்சிங் மிஷின் மேல் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. சுவரில் அட்டை ஒன்று தொங்கியது: வீல் பாலன்சிங் இல்லை.

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். உளி, சுத்தியல், நாலு போடு, பெயின்ட். ஒன்றையும் குறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர் என்பதால் கடைசி வார்த்தை மட்டும் வரவில்லை. தவ்ஹீத் ட்யூபைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

“கோவத்துலதான டீக்கு வரல நீ?” என்றார் கொளஞ்சியப்பன்.

“கோவமா? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது, மச்சான்? நீ சொன்ன மறுநாளே மிஷினு கம்பெனி ஆள வரவச்சேன். கரெக்டா இருக்குன்னான். ரெண்டாவது வாட்டியும் வரவச்சேன். அப்பவும் அதேதான் சொன்னான்.”

“அப்புறம் ஏன் மூடி வச்சிருக்க? வர்ற வண்டியெல்லாம் ஏன் திருப்பி அனுப்புற?”

தவ்ஹீத் அவரை விநோதமாகப் பார்த்தார்.

“நீதான பொய் சொல்லுதுன்ன.”

கொளஞ்சியப்பன் சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். இவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம். அவர் மூலைக்குப் போய் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். கயிறு நன்றாக இறுகியிருந்தது.

“விடு மச்சான், நான் அவுக்குறேன்.”

“நீ சும்மா இரு” என்றார் கொளஞ்சியப்பன், முகத்தைத் திருப்பாமல். “இதக் கட்டுனது நான்.”