ஒரே ஜீப்பில் பிறந்தவர்கள்

இந்த மலரின் அட்டையில் அக்காவின் படத்துக்குக் கீழே ‘தோற்றம்: ஜூன் 1’ என்று அச்சாகியிருக்கிறது. அது அவர் பிறந்த தேதி அல்ல. அச்சகத்தார் மீது தவறில்லை. தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன். ஒரு தேதி பிசகினால்கூடத் தூக்கம் வராதவன் என்று நான் வேலை பார்க்கும் நூலகத்தில் என்னைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவன் உடன்பிறந்தவரின் நினைவு மலரில் பொய்த் தேதியைப் போட்டது ஏன் என்பதை, முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அக்கா பிறந்தது சிறுமலையில். நாங்கள் பளியர், மலைக்குடிகள். அம்மாவிடம் கேட்டால், “நெல்லிக்காய் பொறுக்கப் போன எடத்துல வலி எடுத்துச்சு, அங்கயே பொறந்துட்டா” என்பார். எங்கள் பக்கம் நெல்லி உதிர்வது மார்கழிக்கும் மாசிக்கும் இடையில். ஆகவே அக்கா பனிக்காலத்தில் பிறந்தவர். அதற்கு மேல் துல்லியமாக யாருக்கும் தெரியாது. அவருக்குப் பிறகு நான். எனக்குப் பிறகு தம்பி சடையன். குலசாமிக்கு நேர்ந்து முடி எடுக்காமல் வளர்த்ததால் அந்தப் பெயர்.

சோறு, சட்டை, படிப்பு மூன்றும் தருகிறோம் என்று கீழேயிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அப்பா கைநாட்டு வைத்தார். ஒரு ஜூன் முதல் தேதி, பள்ளிக்கூடம் திறக்கும் நாளில், ஜீப் வந்தது. ஏறுவதற்கு முன் அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்து, தம்பியின் தலையில் எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துச் சீவிவிட்டார். தம்பி வலிக்குது வலிக்குது என்று கத்தினான். ஜீப்காரர் ஆரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

விடுதி திண்டுக்கல்லுக்குக் கிழக்கே சமவெளியில் இருந்தது. அதன் பெயரை எழுதவில்லை. “பேரு எழுதுனா சண்டைக்கு வருவாங்க, கும்பிட வர மாட்டாங்க” என்பது அக்காவின் வாதம். நடத்தியவர்களும் இறந்துவிட்டார்கள். அன்று மாலையே எல்லோருக்கும் மொட்டை அடித்தார்கள். “சடையனை மொட்டையனாக்கிட்டாங்களே” என்று அக்கா சிரித்ததும், சிரித்தபடியே அழுததும் நினைவிருக்கிறது. மறுநாள் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து, எங்கள் உயரத்தைப் பார்த்தே வயதைச் சொன்னார். ஆண்டு ஆளுக்கு ஆள் மாறியது. தேதியும் மாதமும் மாறவில்லை. ஜீப்பில் வந்த அத்தனை பேரும் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள் ஆனோம்.

அங்கே எங்கள் பேச்சுக்குக் ‘காட்டுப் பேச்சு’ என்று பெயர். பேசினால் புறங்கையில் பிரம்படி. எழுத்து கற்றுக் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. இதை நான் எழுதுவதே அங்கே கற்ற எழுத்தால்தான். அக்காவும் அதை மறுத்ததில்லை. “எழுத்துக் குடுத்தாங்க, சரி. அதுக்கு ஒரு ஆளை எடுத்துக்கிட்டாங்கள்ல?” என்பார்.

எடுத்துக்கொண்ட ஆள் தம்பி. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. ஆண்பிள்ளைகள் பக்கத்தில், கடைசி அறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். என்னையும் உள்ளே விடவில்லை. பெண்பிள்ளைகள் வேலியைத் தாண்டக் கூடாது. அக்கா வேலியோரம் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். முதலில் பதில் வந்தது. பிறகு இருமல் மட்டும் வந்தது. ஒருநாள் மதியம், தட்டில் பூசணிக்காய்க் கூட்டு விழுந்த நேரத்தில், வரிசையில் பின்னால் நின்ற பெண் சொன்னாள்: “ஒந்தம்பியக் காலையிலயே பொதைச்சுட்டாகளாம்.” எனக்கும் அப்படித்தான், அடுத்த வரிசையில், பிறர் சொல்லித்தான் தெரிந்தது. அம்மாவும் அப்பாவும் தகவல் கிடைத்து இறங்கி வந்தபோது, விடுதிக்காரர் பின்பக்கத்து முள்ளுக்காட்டைக் கையால் காட்டி, “அந்தப் பக்கம்” என்றார். அந்தப் பக்கத்தில் எந்த இடம் என்று யாரும் சொல்லவில்லை. தம்பிக்கு முன்னும் பின்னும் அங்கே போன பிள்ளைகள் உண்டு.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்று, குஜிலியம்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். மாமா கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து இளவயதிலேயே போய்விட்டார். கைக்குழந்தையோடு நின்ற அக்கா, பிறகு சத்துணவுக் கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தார். அங்கே அவருக்கும் அமைப்பாளருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு.

“ஏம்மா, மலிவா வருதேன்னு பூசணி வாங்கிப் போட்டா, ஒனக்கு மட்டும் என்ன? புள்ளைக சாப்பிடாதா?”

“புள்ளைக சாப்பிடும் சார். நான் வெட்ட மாட்டேன்.”

“அப்ப யாரு வெட்டுறது, நானா?”

“வெட்டுங்க. அருவாமணை அந்தா இருக்கு.”

வெட்டியது கடைசிவரை அமைப்பாளர்தான். ஒரு பிள்ளை சாப்பிட வரவில்லை என்றால் அக்கா பாத்திரம் கழுவிய கையோடு அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே நடந்துவிடுவார். நெற்றியில் கைவைத்துப் பார்த்த பிறகே வீடு திரும்புவார். ‘காய்ச்சக்கார ஆயா’ என்று ஊரில் பட்டப்பெயர்.

தொண்ணூறுகளின் நடுவில், அக்கா மகனின் படிப்புக்காகச் சாதிச் சான்று வாங்கத் தாலுகா ஆபீசுக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். எழுத்தர் அக்காவின் பிறந்த தேதியைக் கேட்டார். ஜூன் ஒன்று. பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டார். ஜூன் ஒன்று. எங்களுக்குப் பின்னால் நின்றவரும் அதையே சொன்னதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“என்னய்யா, கூட்டமா ஏமாத்த வந்திருக்கீங்களா? அம்புட்டுப் பேரும் ஒரே நாள்லயா பொறந்தீங்க?”

பின்னால் நின்றவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஆமாங்கய்யா. ஒரே ஜீப்புல பொறந்தோம்.”

அக்கா திரும்பிப் பார்த்தார். “ஏலே… வெள்ளையனா நீயி? என் தட்டுல இருந்த முட்டையைத் திருடித் தின்னவன்தானே?”

“ஒரு முட்டைதானே தாயி! இத்தனை வருசமா மனசுல வச்சிருக்கியா?”

அன்று சான்று கிடைக்கவில்லை. வெள்ளையன் அண்ணன் கிடைத்தார். அவர் வழியே இன்னும் சிலர் கிடைத்தார்கள். சேர்ந்து ஒருநாள் தம்பிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் கும்பிடு போட வேண்டும் என்றார் அக்கா. சரியான தேதியைக் கண்டுபிடிக்கிறேன் என்று நான் அலைந்தேன். விடுதி மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. “பூசணிக்காய் போட்ட நாளு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்” என்றார் அக்கா. வெள்ளையன் அண்ணன்தான் ஜூன் ஒன்று என்று முடிவு செய்தார்.

அதிலிருந்து ஆண்டுதோறும் அந்த நாளில் முள்ளுக்காட்டில் கூடினோம். வெள்ளையன் அண்ணன் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்து, “பொறந்தநாளு மிட்டாய், எடுத்துக்கங்க” என்று எல்லோருக்கும் நீட்டுவார். இறந்த பிள்ளைகளின் பெயர்களை, தெரிந்தவர்கள் தெரிந்தவரை சொல்வோம். முகம் நினைவிருந்து பெயர் மறந்த பிள்ளைகளும் உண்டு. அக்கா ஒரு சீப்பும் தேங்காய் எண்ணெயும் வைத்துக் கும்பிடுவார்.

மூன்றாம் ஆண்டு ஒரு கல் நட விரும்பினார். திண்டுக்கல்லில் கல்லறைக் கல் வெட்டும் அந்தோணியிடம் போனோம்.

“பொறப்பு, எறப்புத் தேதி சொல்லுங்கம்மா.”

“ரெண்டும் இல்ல.”

“தேதி இல்லாம கல்லு வெட்டுனா நல்லாருக்காதும்மா. பாக்குறவுக என்னையத்தான் ஏசுவாக.”

“அவன் பொறந்தது எங்கம்மாவுக்குத் தெரியும். செத்தது பொதைச்சவங்களுக்குத் தெரியும். பேரு மட்டும் வெட்டுங்கய்யா.”

அந்தோணி ‘சடையன்’ என்று வெட்டினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். இடம் தெரியாததால், அந்தப் பக்கத்தின் நடுவில் குத்துமதிப்பாக நட்டோம்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு ஜூன் ஒன்றாம் தேதி போனபோது முள்ளுக்காடு இல்லை. செம்மண் போட்டுச் சமப்படுத்தி, மஞ்சள் பூசிய எல்லைக்கற்கள் நட்டிருந்தார்கள். வீட்டுமனை. கொட்டகையில் இருந்தவரிடம் அக்கா கேட்டார்.

“எந்தக் கல்லும்மா? இங்க எத்தனையோ கல்லு கெடந்துச்சு. சல்லியோட சல்லியாப் போயிருக்கும்.”

“சல்லி இல்ல சார். அதுல பேரு இருந்துச்சு.”

“பேரு இருந்தா பட்டா இருக்கணும்ல? இருந்தாக் கொண்டாங்க.”

அக்கா பிறகு தனியாகவும் பலமுறை போய்த் தேடினார். சாக்கடை மேல் போட்ட பலகைக்கல்லையெல்லாம் குனிந்து தடவிப் பார்ப்பார் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்கள். கல் கிடைக்கவில்லை. அதற்குள் அவருக்கு வயிற்றில் கட்டி கண்டுவிட்டது.

அரசு மருத்துவமனையில் கடைசி நாட்களில் அவருக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. இரண்டாயிரத்து ஆறு, மார்கழி. நெல்லி உதிரும் பருவம். நான் மெல்லச் சொன்னேன், “அக்கா, ஒன் உண்மையான பொறந்தநாளு இந்தப் பனிக்குள்ளதான் எங்கயோ இருக்கு. இனி எங்கயாச்சும் எழுதுனா அந்த ஜூன் ஒண்ணை எடுத்துருவோம்.”

தலையை ஆட்டி மறுத்தார். “இருக்கட்டும்லே. எடுக்காத. அன்னைக்குத்தான் அவனுக்குக் கடைசியாத் தலை சீவி விட்டேன்.” பிறகு, “கல்லு கெடைச்சுச்சா?” என்றார்.

இல்லை என்றேன். மறுநாள் விடியலில் போய்விட்டார்.

அதனால்தான் அட்டையில் அந்தத் தேதி இருக்கிறது. விடுதியில் அதை எழுதியவர்களுக்கு அது சும்மா ஒரு தேதி. அக்காவுக்கு அப்படி இல்லை.

இரவும் பகலும் உடனிருந்து பார்த்த செவிலியர்களுக்கும், சத்துணவுக் கூடத்துத் தோழியருக்கும், பூசணி வெட்டிய அமைப்பாளருக்கும், அக்காவைத் தோளில் சுமந்த வெள்ளையன் அண்ணனுக்கும், இந்த முறை அக்காவுக்காகவும் கல் வெட்டித் தந்த அந்தோணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் கல்லில் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு வெட்டச் சொன்னேன். அது தம்பிக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படிப்பவர்களில் அந்தப் பக்கம் மனை வாங்கியவர்கள் இருக்கலாம். உங்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. கடைக்கால் தோண்டும்போது ‘சடையன்’ என்று வெட்டிய கல் கிடைத்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். கல் அல்லாத வேறு எது கிடைத்தாலும் மண்வெட்டியை நிறுத்திவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். மெதுவாகத் தோண்டுங்கள். சிறியதாகத்தான் இருக்கும்.