கொடிகாமத்தில் ஒரு நிலையும் இரண்டு பனஞ்சிலாகைகளும்

கார்த்திகை முடியும் தறுவாயில் கொடிகாமம் போனேன். நண்பன் தயாளன் கட்டும் வீட்டுக்கு அன்று நிலை வைக்கும் நாள். வாசற்கதவின் நிலையை நல்ல நேரத்தில் நிறுத்திய பிறகுதான் சுவர் எழும்பும். அன்று தவறினால் மார்கழி பிறந்துவிடும், தை வரை வேலை நிற்கும். அவன் மனைவி சுகிக்குத் தையில் பிள்ளை பிறக்க இருந்தது. வாடகை அறையை மாசியில் விட்டாக வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியில் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். ஐந்தேகால் பேருந்தில் ஏறினால் ஆறேகாலுக்குச் சந்தையடியில் இறங்கலாம். இருநூறு ரூபாய் நீட்டினால் மிச்சம் வரும். மழைக்காலத்தில் போகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்து நடக்கத் தயாராகப் போங்கள்.

நிலை செய்தவர் மானிப்பாய் செல்வம் அண்ணை. தன் வேலையைத் தானே புகழ அவருக்குக் கூச்சமே கிடையாது. வேப்பமரத்தில் ஆணியோ பசையோ இல்லாத நிலை. கால்களின் முனையில் நாக்கு, மேற்சட்டத்தில் அதற்கேற்ற துளை. பட்டறையில் பொருத்திப் பார்த்துவிட்டு, கழற்றி முதல் நாளே அனுப்பியிருந்தார். இனி எதற்கு என்று, பொருத்தும்போது மரத்தை நெருக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்புகளைக் கொண்டுவரவில்லை.

நல்ல நேரம் ஏழு பத்திலிருந்து ஏழு ஐம்பது வரை. சட்டத்தை ஏற்றினால் நாக்கு பாதித் துளையிலேயே நின்றுவிட்டது. செல்வம் அண்ணை மரத்தைத் தடவிப் பார்த்தார்.

"உந்த மரத்தை ஆர் கழுவினது?"

"நான்தான் அண்ணை. ராத்திரி மஞ்சள் தண்ணி தெளிச்சனான்," என்றான் தயாளன்.

"நீர் தெளிக்கேல்லை தம்பி, குளிப்பாட்டியிருக்கிறீர்! மரம் ஊதிப்போச்சு."

பக்தியில் வாளி வாளியாக ஊற்றியிருக்கிறான். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன.

"கொஞ்சம் சீவிப்போட்டு ஏத்துங்கோவன் அண்ணை. இந்த நாளை விட்டால் நாங்கள் எங்கை போறது?" என்றாள் சுகி.

"சீவினால் இப்ப ஏறும் பிள்ளை. பங்குனி வெயிலுக்குக் காஞ்சால் நிலை ஆடும். என்ரை பேரும் ஆடும். அடிச்சு ஏத்தினால் சட்டம் வெடிக்கும். வெடிச்ச நிலையை வைக்கேலாது."

கூரைக்கு வைத்திருந்த நீளப் பனைமரச் சட்டங்களில், பனஞ்சிலாகைகளில், இரண்டை இழுத்து, இரு முனையிலும் உளியால் துளையிட்டு முளைக்கட்டை இறுக்கினார். நிலையைத் தரையில் கிடத்தி, கால்களோடு ஒட்டிச் சிலாகைகளை வைத்தார். ஒரு முளை காலின் அடியில் முட்டி நிற்க, மற்ற முளைக்கும் மேற்சட்டத்துக்கும் இடையில் எதிரெதிராக இரண்டு ஆப்புகள். அவ்வளவுதான், கிளாம்ப் தயார்! நாக்குகளில் சவர்க்காரம் தேய்த்துவிட்டு, ஆப்புகளில் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் காதை மரத்தில் வைத்துக் கேட்டார். எங்கோ 'கிறீச்' என்றது. சுகி கண்ணை மூடிக்கொண்டாள். மனுசன் அவசரப்படவே இல்லை. சட்டம் மயிரிழை மயிரிழையாக இறங்கி உட்கார்ந்தது, ஒரு கீறல்கூட இல்லை. கைதட்டவேண்டும்போல இருந்தது, தட்டியும்விட்டேன்.

ஏழு நாற்பத்தைந்துக்கு நிலை நிமிர்ந்தது. தயாளன் மறுபடி மஞ்சள் வாளியைத் தூக்கினான்.

"வாளியை வையும்!" என்று எல்லோரும் கத்தினோம்.

"ஈரம் காயுமட்டும் சிலாகையைக் கழட்டாதேங்கோ," என்றார் செல்வம் அண்ணை. "இப்பிடி ஒரு கிளாம்ப் கடையிலை வராது."

உங்களையும் நிலை வைக்க யாராவது அழைத்தால் அரைமணி முன்னதாகப் போங்கள். வீட்டுக்காரருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மஞ்சள் தண்ணீரை விரல் நுனியால் தெளித்தால் போதும்.

மாசியில் சுகி ஒரு படம் அனுப்பினாள். மேலே புதுக்கூரை. அதன் கீழே, துளையும் முளையும் அப்படியே இருக்க, குறுக்கே கட்டிய அதே பனஞ்சிலாகை. அதில் தொங்கும் சேலை ஏணையில் பிள்ளை நித்திரை.