பெரியப்பா வீட்டு ரத்தம்

புன்னக்காயல் வில்சனைக் கொலைகாரனாக்கியது ஓர் எண். ஐஸ் கம்பெனிக் காவலாளி ஒருவரை யாரோ அடித்துக் கொன்றிருந்தார்கள். இறந்தவரின் நகக்கண்ணில் துளித் தோல் ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஆண்வழி டி.என்.ஏ. மட்டும்தான் எடுக்க முடிந்தது. அது வில்சனுடையதோடு பொருந்தியது. முந்தின வாரம் அவன் அந்தக் காவலாளியோடு சண்டை போட்டதை ஊரே பார்த்திருந்தது.

"இந்த அமைப்பு ஐயாயிரம் ஆண்களில் ஒருவருக்குத்தான் இருக்கும்" என்றார் ஆய்வகத்துக்காரர். அப்படியானால் வில்சன் நிரபராதியாக இருக்க ஐயாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்று அரசு வக்கீல் அதைத் திருப்பிப் போட்டார். ஆயுள் தண்டனை விழுந்தது.

பாளையங்கோட்டைச் சிறையில் ஆறாவது வருடம், மேல்முறையீட்டு வக்கீல் தேவசிகாமணி ஒரு பேராசிரியையை அழைத்து வந்தார். பெயர் பத்மப்ரியா, கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர்.

"உங்க அப்பாகூடப் பொறந்த ஆம்பிளைங்க எத்தன பேரு?"

சிறைக்கு வந்து சொந்தபந்தத்தை விசாரித்தது அவர் ஒருவர்தான். வில்சன் ஆசையாகச் சொன்னான். "பெரியப்பா ரெண்டு, சித்தப்பா ஒண்ணு, மூணு பேரும் எப்பவோ தவறிட்டாங்க. அவங்க மவன்மாரு எட்டுப் பேரு, டீச்சர். பெரியப்பா மவன் டைட்டஸ் அண்ணன்தான் எனக்குக் கடல் தொழில் கத்துக் கொடுத்தது."

மதுரை ஐகோர்ட்டில் பத்மப்ரியா சாட்சி சொன்னார். ஆண்வழி டி.என்.ஏ. அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போகும். அந்த எட்டுப் பேருக்கும் இதே அமைப்புத்தான் இருக்கும். எங்கெங்கோ உள்ள ஆண்களை வைத்துப் போட்ட கணக்கு, ஒரே வம்சத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழும் ஊருக்குப் பொருந்தாது. "வில்சன் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர்தான் செய்தார் என்று இந்த எண் சொல்லாது." வேறு சாட்சி இல்லாததால் கோர்ட் அவனை விடுவித்தது.

வீடு வந்தவனைக் கட்டிக்கொண்டு மனைவி ஆன்லின் அழுதாள். சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் அவனே டைட்டஸ் வீட்டுக்குப் போனான். டைட்டஸ் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த டீச்சர் பேசின மறுவாரமே போலீஸு எங்க எட்டுப் பேரையும் கூட்டிட்டுப் போயி விசாரிச்சுது. என் மவளுக்குப் பேசின சம்பந்தம் முறிஞ்சு போச்சு. நீ வெளிய வர எங்களக் காட்டிக் கொடுத்துட்டியேலே."

"நான் அந்தாளத் தொடக்கூட இல்லண்ணே."

"அப்ப எங்கள்ல ஒருத்தன்தான் செஞ்சான்னு சொல்லுதியா?"

அது வில்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆய்வகத்தில் ஏதோ மாறிப்போயிற்று என்றுதான் இத்தனை வருடமும் மனதைத் தேற்றியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அண்ணன் தம்பிகள் முன்னால் முழந்தாளிட்டிருந்தார்கள். எந்தக் கை என்று அவன் கண் ஒவ்வொரு கையாகத் தேடியது. தேடிய கண்ணைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அந்த மாதமே ஆன்லினைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குத் துறைமுகக் கூலியாகப் போய்விட்டான். கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.