பக்கவாசல் அனுசுயா

அனுசுயாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று நூலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். மூக்கு நுனியில் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடுமே! இது அப்படிப் போகிற கோபம் இல்லை. திருத்தணிக்கு வெளியே இருக்கும் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் அவள் உதவியாளராகச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பெண்கள் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று முதல் வருஷம் தலைமை நூலகரிடம் எழுதிக் கொடுத்தாள். ஒன்பதாவது வருஷமும் எழுதிக் கொடுத்தாள். இன்றைக்கும் ஒரு பெண் உள்ளே போனால் இன்னொரு பெண் வெளியே காவல் நிற்க வேண்டியிருக்கிறது. இதற்குக் கோபம் வராமல் கொஞ்சலா வரும்?

மணவூரில் பிறந்தவள். அவளுடைய நைனா ரயில் தண்டவாளத்தில் வேலை பார்த்தவர். கல்லூரிக்குப் போன நாளில், விடிகாலை ரயிலில் திருவள்ளூர் போய் இறங்கி, கல்லூரி திறக்கும்வரை இரண்டு மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். பக்கத்தில் வந்து உட்காருகிறவன், பாட்டுப் பாடுகிறவன், பேர் என்ன என்று கேட்கிறவன், அத்தனை பேரையும் முறைத்துக்கொண்டே படித்தாள். அந்த முறைப்பு முகத்திலேயே தங்கிவிட்டது.

நூலகத்தின் முன்வாசல் ஷட்டர் காலை பத்து மணிக்குத்தான் ஏறும். அதற்கு முன்னால் பெருக்கி, பேப்பர் அடுக்கி வைக்க, பக்கவாசல் சாவி அனுசுயாவிடம் இருந்தது. சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள், ஏழரை மணிக்கே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நாலு பிள்ளைகளைப் பார்த்தாள். ஸ்டேஷன் பெஞ்ச் ஞாபகம் வந்தது.

“உள்ள வந்து உக்காருங்க. சத்தம் கித்தம் போட்டீங்க, தோலை உரிச்சிடுவேன்” என்று பக்கவாசலைத் திறந்துவிட்டாள். நாலு பேர் பத்துப் பேராகி, பத்து அறுபதாகிவிட்டது. மேலே யாரிடமும் அவள் அனுமதி கேட்கவில்லை.

அந்த அறுபதில் ஒருத்தி துர்கா. அம்மையார்குப்பத்துப் பெண், எம்.எஸ்ஸி. கணக்கு. வீட்டில் இரண்டு விசைத்தறி. பொழுது விடிந்ததிலிருந்து அடங்கும்வரை தடதடதட. பெற்ற தாயே காதருகே வந்து கத்தினால்தான் கேட்கும். அந்த வீட்டில் எந்தக் கணக்கைப் போடுவது? முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, காலை இரண்டரை மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். “அக்கா, எனக்கு இந்த ரெண்டரை மணி நேரம்தான் காலேஜே” என்று ஒருநாள் சொன்னாள். அனுசுயா அவள் தலைக்கு மேலிருந்த ஃபேனைப் போட்டுவிட்டுப் போனாள்.

இப்படி இருக்கையில் இந்த ஆடி மாதம் நூலகத்தை மேம்படுத்தக் கிளம்பினார்கள். கீழ்த்தளத்து நீள மேசைகளை எடுத்துவிட்டு சோபா, கண்ணாடி அறை, ஒரு காபி கடை. பக்கவாசலைச் சுவர் வைத்து அடைத்துவிடுவது. நேரம், காலை பத்து முதல் இரவு எட்டு. நல்லதைச் செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தக் காலை நேரம்? திட்ட அதிகாரி அசோக்குமார் வெளியூர்க்காரர். முன்வாசலில் ஆட்களை எண்ணும் மிஷின் ஒன்றைப் பொருத்தியிருந்தார். யாராவது கடந்தால் ‘பீப்’ என்று ஒரு எண் ஏறும். மூன்று நாள் எண்ணியாயிற்று, பத்து மணிக்கு முன்னால் ஒருவர்கூட வரவில்லை என்று கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்.

டீ கொடுத்துக்கொண்டிருந்த அனுசுயா தட்டை மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.

“எந்த மூணு நாளு சார் எண்ணுனீங்க?”

அவர் தேதியைச் சொன்னார். அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

“ஆடிக் கிருத்திகைங்க அது! அடுத்த ரெண்டு நாளும் தெப்பம். ஊருக்குள்ள பஸ்ஸே வராது. லட்சம் பேரு காவடி எடுத்துகினு மலையேறிகினு இருக்கான், அன்னிக்கு இங்க எவன் சார் வந்து படிப்பான்?”

அசோக்குமார் திகைத்துப்போய்த் தலைமை நூலகர் பரந்தாமனைப் பார்த்தார். “கணக்கு சரின்னு சார் கையெழுத்து போட்டிருக்காரே?”

“போட்டிருப்பாரு. அவரு தலையைப் பாருங்க” என்றாள் அனுசுயா. எல்லோரும் பார்த்தார்கள். மொட்டைத் தலையில் அப்போதுதான் முள்முள்ளாக முடி முளைத்துக்கொண்டிருந்தது. “அன்னிக்கு மலையில மொட்டை போட்டுகினு இருந்தவரு, இங்க ஆளு வந்தாங்களா வரலியான்னு எப்படிச் சொன்னாரு?”

கூட்டம் முடிந்ததும் பரந்தாமன் அவளைத் தனியே கூப்பிட்டார். “ஏம்மா இப்படி மானத்தை வாங்கறே? மேலேர்ந்து தாளு வந்துது, போட்டேன்.”

“முருகனுக்கு முடியைக் குடுத்தீங்களே, இந்தப் புள்ளைங்களுக்கு ஒரு நெஜத்தைக் குடுக்க முடியலியா சார்?”

அவர் தலையைத் தடவிக்கொண்டார். ஆனால் மறுபடி எண்ணுவது என்று முடிவாயிற்று. திங்கள், செவ்வாய், இரண்டே நாள்.

திங்கட்கிழமை காலை அறுபத்தெட்டுப் பேர் வந்தார்கள். அனுசுயா தன் கண்ணாலேயே எண்ணினாள். மாலையில் மிஷின் கணக்கைப் பார்த்தால், பத்து மணிக்கு முன்னால் பூஜ்யம்.

“மோசடி! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்களா?” என்று பரந்தாமன் அறையில் போய் நின்று கத்தினாள்.

அவர் இந்த முறை நிதானமாகக் கேட்டார். “மிஷின் எங்கம்மா இருக்குது?”

“முன்வாசல்ல.”

“உன் புள்ளைங்க எதுல வராங்க?”

பக்கவாசலில்! தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? ஒன்பது வருஷமாக அவள் அந்தப் பிள்ளைகளைப் பக்கவாசலில் விட்டு, பக்கவாசலிலேயே அனுப்பியிருக்கிறாள். இப்படியொரு கூட்டம் இருப்பதே மேலே ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டது அவளேதான். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அசோக்குமாரைத் திட்டியதைவிட அது கடுமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பக்கவாசலைத் திறக்கவில்லை. பிள்ளைகளை முன்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காவலாளி வேடியப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஷட்டரைத் தூக்குங்கண்ணா.”

“பத்து மணிக்குத்தாம்மா. ரூலு.”

“ரூலா? எந்தத் தாள்ல இருக்குது? காட்டுங்க.”

வேடியப்பன் யோசித்தார். தாள் எதுவும் இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் பத்து மணிக்குத் தூக்கினார், அதனால் இவரும் பத்து மணிக்குத் தூக்குகிறார். இதற்குப் பெயர் ரூலாம்! அனுசுயாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குனிந்து ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்தாள். துர்கா பையைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து பிடித்தாள். அரக்கோணத்து மெக்கானிக் வீட்டுப் பையன் அல்தாஃப் இன்னொரு பக்கம் பிடித்தான். பூட்டிய ஷட்டர் கடகடவென்று ஆட, வேடியப்பன் பதறிப்போய் டீ டம்ளரோடு ஓடி வந்தார்.

“இரும்மா தாயே, ஒடச்சிடாத! தொறக்கறேன்!”

ஒவ்வொருவராகப் போனார்கள். பீப், பீப், பீப். சிவப்பு எண் ஏறிக்கொண்டே போயிற்று. அனுசுயா ஓரமாக நின்று, ஜோடியாக நுழைந்தவர்களையெல்லாம் “ஒத்தை ஒத்தையா போங்க!” என்று அதட்டினாள்.

எட்டரைக்கு அசோக்குமார் பரந்தாமனோடு வந்தார். எழுபத்தொன்று என்று நின்ற எண்ணைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். நீள மேசைகளில் ஓர் இடம்கூடக் காலியில்லை.

“இவ்வளவு நாள் இவங்கல்லாம் எங்கம்மா இருந்தாங்க?”

“இங்கதான் சார் இருந்தாங்க. நான்தான் பக்கவாசல்ல விட்டு ஒளிச்சி வெச்சிருந்தேன். தப்பு எம்பேர்ல.” முந்தானை முடிச்சை அவிழ்த்து, பக்கவாசல் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். “இந்தக் கதவை அடைச்சிக்கோங்க. ஆனா முன்வாசல் ஏழரைக்குத் தொறக்கணும். மேசைங்க இருக்கணும். அப்புறம் அந்தத் தாழ்ப்பாளு.”

“எந்தத் தாழ்ப்பாள்?”

பரந்தாமன் தரையைப் பார்த்தார். அனுசுயா சொல்லச் சொல்ல அசோக்குமார் குறித்துக்கொண்டார்.

சாவியைக் கொடுத்த பிறகும் அவள் கை முந்தானை முடிச்சையே தேடிப் போயிற்று. ஒன்பது வருஷம் முந்தானையில் இருந்த சாவி.

அடுத்த திங்கட்கிழமை ஏழரை மணிக்கு, கொட்டாவி விட்டுக்கொண்டே வேடியப்பன் ஷட்டரைத் தூக்கினார். கையில் துடைப்பத்தோடு முதலில் உள்ளே போனவள் அனுசுயா. பீப் என்றது. சிவப்பில் ஒன்று என்று விழுந்தது. ஒரு நிமிஷம் நின்று அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, “இன்னா வேடிக்கை பாத்துகினு நிக்கிறீங்க, வாங்க உள்ள!” என்று கத்தினாள்.