அப்பா காப்பாற்றிய கம்ப்யூட்டர்

புது மதர்போர்டை வெள்ளிநிறக் கவரிலிருந்து உருவும்போது சூடான பிளாஸ்டிக்கும் மருந்தும் கலந்தாற்போல் ஒரு வாசனை வரும். நான் எட்டாவது முடித்த கோடை விடுமுறையில் முடிச்சூர் வீட்டு ஹால் முழுக்க அந்த வாசனைதான். கடையில் முழுசாக விற்கும் "பிராண்டட்" நமக்குக் கட்டுப்படியாகாது என்று, காலேஜில் சேரக் காத்திருந்த அண்ணன் ரிச்சி தெருவுக்கு அலைந்து ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்தான். அவன் தரையில் போர்வை விரித்துப் பூட்ட, நான் டார்ச் பிடிக்க, அம்மா ஸ்க்ரூக்களைத் தன் டிபன் பாக்ஸ் மூடியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். ரேமைச் செருகும்போது "டக்"கென்று கேட்க வேண்டும். கேட்கிறவரை மூன்று பேரும் மூச்சு விடமாட்டோம்.

அம்மா பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், சர்ச் கொயரில் பாடுகிறவள். புது வண்டிக்குச் செய்வதுபோல இதற்கும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும் என்றாள். அண்ணன் முனகிக்கொண்டே கண்ணை மூடினான். ஆமென் சொன்ன கையோடு ஃபேன் சுற்றியது. மைக்கைச் சோதிக்க அவளையே பாடச் சொன்னோம். ஏதோ ஒரு கீர்த்தனையைத் தொடங்கி, நடுவில் குக்கர் கூவ, ராகம் குலையாமல் "ஷீபா, அடுப்ப ஆஃப் பண்ணுடி" என்றும் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனாள். எல்லாம் சேர்ந்தே பதிவானது. அதை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள், நாங்கள் மசியவில்லை.

மெஷின் சூடாகி அடிக்கடி நின்றுபோனதால், பாகங்களையெல்லாம் பூட்டியிருந்த கேபினெட்டின் பக்கத் தகட்டை நாங்கள் மாட்டவே இல்லை. வயர் பிதுங்கிக்கொண்டு, மேசைக்கடியில் யூபிஎஸ்ஸை ஒட்டி, தரையோடு தரையாகக் கிடந்தது. கிளார்க் வேலையிலிருந்த அப்பாவுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. பெருக்கும்போது எதையாவது இழுத்துவிடுவாரோ என்று, கீழே இருப்பதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயமுறுத்தி வைத்திருந்தோம்.

அடுத்த வருஷமே மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள். அதன்பின் ஆபீஸ் விட்டு வந்ததும் அப்பா அந்த மேசை முன்னால்தான் உட்காருவார். நான் பாட்டைப் போட்டுவிடுவேன். திரையில் அம்மாவின் படம் நிற்கும். குக்கர் கூவும் இடத்தில் மட்டும் லேசாகச் சிரிப்பார்.

முடிச்சூருக்குள் பெருவெள்ளம் புகுந்தபோது அண்ணன் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான், நான் பல்லாவரத்தில் அத்தை வீட்டில் இருந்தேன். தண்ணீர் வடிந்தபின் இருவரும் ஓடிவந்து பார்த்தால், அப்பா மாடிவீட்டுக்காரர் ஹாலில் இருந்தார். பக்கத்தில், அம்மாவின் புடவை சுற்றிய மானிட்டர். இடுப்பளவுத் தண்ணீரில் தலைமேல் வைத்துத் தூக்கிவந்தாராம்.

"உங்கம்மாவ நனைய விடலம்மா" என்றார்.

கீழே கேபினெட் முழுக்கச் சேறு. பாட்டு இருந்த ஹார்ட் டிஸ்க் அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் நாங்கள் நகல் எடுத்து வைக்கவில்லை. அப்பாவுக்கு அம்மா தெரிந்ததும் பாடியதும் அந்தத் திரையில்தானே. கீழே இருந்தது தொடக்கூடாத கரண்டு சாமான். பீரோவும் கட்டிலும் போனதற்கு எனக்கு அழுகை வரவில்லை, இதற்கு வந்தது. அண்ணன் டிஸ்க்கைக் காயவைத்து எடுத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினான், ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவிடம் மட்டும், நல்ல வேலை செய்தீர்கள் என்று சொன்னோம்.

இப்போது அப்பா தாம்பரத்தில் என்னோடு இருக்கிறார். ஹாலில் போர்வை விரித்துக் கம்ப்யூட்டர் பூட்டுகிற வீடு எதையும் இந்தப் பக்கத்தில் நான் பார்க்கவில்லை. எல்லார் மடியிலும் லேப்டாப், கையில் போன். மானிட்டரைத் துடைக்கும்போதெல்லாம், எப்போது மாட்டித் தருவீர்கள் என்று அப்பா கேட்பார். அதற்கான பார்ட் இப்போது வருவதில்லை என்று நானும் அண்ணனும் சொல்லிவைத்திருக்கிறோம். போன வாரம் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பும் போட்டு, வாசலில் வந்து நின்றார்.

"எந்த பார்ட்டுன்னு சொல்லும்மா. நான் போய்த் தேடிப் பாக்குறேன்."