அவர் பேரைக் கூப்பிட்ட இடம்

என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதே கிடையாது. பத்தாவது வரை படித்தவள்தான், தையல் கடை போட்டு நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தவள்தான். ஆனாலும் எங்கள் பக்கத்துப் பொம்பளைகளுக்கு அது வராது. "என்னங்க" என்பதோடு சரி. அவருக்குக் காது மந்தமான பிறகு அந்த "என்னங்க"வும் வீணாய்ப் போனது.

திருமங்கலம் தாண்டி இருக்கிற எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, சர்க்கரை மாத்திரை வாங்க அவரைக் கூட்டிப்போவேன். நர்ஸுப் பொண்ணு உள்ளே இருந்தபடியே பேரைக் கூப்பிடும். இவரோ வாசல் வேப்பமரத்தடியில் நிற்பார். பெஞ்சில் சாய்மானமும் கிடையாது, பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடியும் கிடையாது, பின்னே என்ன செய்வார்? ஒரு நாள், என் முழங்கால் வலியை வைத்துக்கொண்டு நான் போய் அவரை அழைத்து வருவதற்குள் அடுத்த ஆளை உள்ளே விட்டுவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏத்தா, காது கேக்காத மனுசனை உள்ள இருந்து எம்புட்டுக் கத்தினாலும் என்ன பிரயோசனம்? எந்திரிச்சு வந்து மூஞ்சியப் பாத்துக் கூப்பிட்டா கொறஞ்சா போயிருவ?"

அந்தப் பொண்ணு கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவையிலிருந்து வெளியே வந்து, அவர் முன்னால் நின்று, முழுப் பேரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கூப்பிட்டது. இவர் கையைத் தூக்கி, "உள்ளேன் ஐயா!" என்பார். காத்திருக்கிற சனமெல்லாம் சிரிக்கும்.

"அடியாத்தி, மாப்பிள்ளை முறுக்கைப் பாரு" என்பேன் நான். அது அவருக்குக் கேட்காது.

அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எல்லாம் வந்தது. படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை, பிடித்துக்கொள்ளக் கம்பி, கை வைத்த நாற்காலி, வயசானவர்களுக்கென்று தனியாக ஒரு காலை நேரம். மருந்துக் கவரில்கூடப் பெரிய எழுத்து. கதவுக்கு மேலே சிவப்பாக எண் எரிகிற பலகை. எல்லாம் நான் வாய் வலிக்கக் கேட்டவை. அவருக்காகக் கேட்ட நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் இப்போது அங்கே யாரும் யார் பேரையும் கூப்பிடுவதில்லை. எண் மாறும், மணி அடிக்கும், எழுந்து போக வேண்டியதுதான். வீட்டில் மகன் அப்பா என்கிறான், தெருவில் பெரியவர் என்கிறார்கள். அவர் பேரை நான் காதால் கேட்டது அந்த ஒரு இடத்தில்தான். அதை இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அடுப்படியில் தனியாக நின்று நானே சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்துக்கு மேல் வரவில்லை.

போன வாரம் மாத்திரை வாங்கப் போனபோது கரண்டு போய்விட்டது. பலகை அணைந்தது. அதே பொண்ணு வெளியே வந்து, சீட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட ஆரம்பித்தது. நாலைந்து பேர் உள்ளே போய் வந்தார்கள். அடுத்து அவர் பேர்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எதிர் வரிசையில் ஒரு பெரியவரும் கம்பை ஊன்றி எழுந்தார். அவருக்கும் அதே பேர்.

"அம்மா, உங்களை இல்ல, அந்த ஐயாவைக் கூப்பிட்டேன்."

"தெரியும்த்தா," என்றேன். "அந்தப் பேர இன்னொரு தடவ சத்தமாச் சொல்லு."