ஏரிக்கடியில் ஒரு விரல் கடல் மணல்

ஏரியின் அடிச்சேற்றில் குழாயை இறக்கி, அலுங்காமல் வெளியே எடுத்து, நெடுக்காகப் பிளந்து பார்த்தால் எந்தக் காலத்தில் மழை கொட்டியது, எப்போது காய்ந்தது என்று சொல்லிவிடலாம். இப்படிச் சொல்லித்தான் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். மூன்று வருஷம் குழாயில் வந்ததெல்லாம் ஒரே சாம்பல் சேறு. மாதக் கடைசியில் கமிட்டி முன்னால் எதையாவது காட்டியாக வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து.

சுனாமி வந்து போன மறு வருஷம் அது. திருக்கழுக்குன்றத்துப் பக்கம் எங்கள் ஊர் ஏரியிலேயே ஒரு குழாய் இறக்கிப் பார்ப்போம் என்று கிளம்பினேன். சொந்த ஊர் என்றால் சாப்பாடு வீட்டில், தெப்பம் நண்பனிடம். அவன் பஞ்சர் கடை வைத்திருந்தான். இரண்டு லாரி டியூபில் பலகையைக் கட்டிக் கொடுத்து, அவனே துழாவிக்கொண்டு வந்தான். நான் கையை நெற்றியில் வைத்து, மதகுக்கு நேராக, கரைமேட்டு ஒற்றைப் பனைக்கு நேராக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் அந்த இடம் என்று கேட்டிருந்தால் விஞ்ஞானி மாதிரி ஏதாவது சொல்லியிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

கரைக்கு வந்து குழாயைப் பிளந்தேன். மேலே ஒரு சாண் சேறு. அதன்கீழ் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை மணல், அதில் சிப்பித் துண்டுகள். கடல் மணல்! கடலோ பல மைல் தள்ளி இருக்கிறது. என்றோ ஒரு பேரலை இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். சேறு படிகிற வேகத்தை நானே குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு, பல நூற்றாண்டு வயதும் போட்டுவிட்டேன். மணலுக்குள் நீல நைலான் இழை ஒன்று கிடந்தது. என் துண்டிலிருந்து விழுந்திருக்கும் என்று ஊதித் தள்ளினேன். என் துண்டு சிவப்பு என்பது அப்போது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

பெருமை தாங்காமல் பிளந்த குழாயைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்கு ஓடினேன். நண்பன் கையைத் துடைத்துவிட்டு மணலைக் கிள்ளிப் பார்த்தான்.

“இன்னா மச்சான், மாபலிபுரத்து மண்ணு மாதிரி கீது?”

“அலை கொண்டு வந்துருக்குடா. அந்தக் காலத்துல.”

“எந்தக் காலத்துல? டிராக்டர் கொண்டாந்துச்சு. ஏரி காஞ்சி கெடந்த வருசம் கபடி போட்டி வெச்சோமே! நீதான மண்ணு மேல குந்திகினு வந்த? மொத ரெய்டுலயே அவுட்டாயி அழுதியே!”

“அது இந்த இடம்தானா?”

“மதகுக்கு நேரா, பனைக்கு நேரா. அன்னிக்கும் நீதான் நெத்தில கைய வெச்சிகினு எடம் பார்த்த. கோட்டுக்கு நீலக் கவுறு பதிச்சோமே, அது எதுனா கெடச்சுதா?”

தேநீரில் விழுந்த ஈயைப் போல் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊகம் தப்பு, எந்த அளவு தப்பு, நான் இந்த வேலைக்கு வந்ததே தப்போ, ஒன்றும் பிடிபடவில்லை. மறைத்துவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அந்த நீல இழை எந்த இடுக்கில் மிச்சமிருந்து எந்தப் பேராசிரியர் இடுக்கியில் மாட்டுமோ?

மறுநாள் என் வழிகாட்டி அம்மையாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டினாலும் மரியாதையாகத் திட்டுபவர். அன்று திட்டவில்லை, சிரித்தார்.

“நல்லதுதானேங்க. மணல் போட்ட வருஷம் தெரிஞ்சா, அதுக்கு மேல ஒரு சாண் சேறு படிய எத்தனை வருஷம் ஆச்சுன்னு தெரிஞ்சிடும். அதை வச்சுக் கீழே இருக்கறதுக்கும் ஓரளவு வயசு சொல்லலாம். கமிட்டிக்கு அது போதும். எந்த வருஷம்ங்க?”

வாயைத் திறந்தேன். வருஷம் வரவில்லை. தொண்ணூற்று மூன்றா, நான்கா?

திரும்பவும் பஞ்சர் கடை.

“என் முன்பல்லு ஒடஞ்ச வருசம்” என்றான் நண்பன்.

“அது எந்த வருஷம்?”

“கபடி ஆடுன வருசம்.”

“ஞாபகம் வந்துருச்சு! நான் பிளஸ் டூ கணக்குல ஃபெயிலான வருஷம்டா அது.”

நண்பன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே சொன்னான்: “ரெண்டு வருசம் ஃபெயிலாயிருக்க மச்சான். அதுல எது?”

கமிட்டியில் வயதுக்குப் பக்கத்தில் ‘ஒரு வருஷம் கூடலாம், குறையலாம்’ என்று எழுதிக் காட்டினேன். பதிவு தப்பியது. கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் விடவில்லை. அந்த ஒரு வருஷத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். என்னிடம் இருந்த ஆதாரம் இரண்டு மதிப்பெண் பட்டியல்கள். அவற்றை எடுத்து நீட்டுவதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டு நின்றேன்.